அம்மாப்பேட்டைக் காயில்

"உன் கிட்டார் போட்டோவுக்குத்தான் ரோசி நல்லா இருக்கு" என்று சவரிராயன் சொன்னது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். சொல்லிவிட்டுச் சிரித்தான். கூட இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். ரோசியும் சேர்ந்து சிரித்துவைத்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அவன் சொன்னதைவிடத் தான் சிரித்ததுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு. சேலத்தில் அப்போது 'ஃபோர் ரோட்ஸ் பாய்ஸ்' என்று ஒரு கோஷ்டி இருந்தது. கல்யாண வரவேற்பு, பங்குத் திருவிழா, ரயில்வேக்காரர்களின் டீ பார்ட்டி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய், சிலோன் ரேடியோவில் கேட்டுப் பிடித்த ஆங்கிலப் பாட்டுகளை வாசிக்கும். பாடுவது சவரிராயன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் குமாஸ்தா. முன் மயிரை எண்ணெய் வைத்துத் தூக்கி நிறுத்துவதற்கே தினம் அரை மணி செலவழிக்கிறவன். டிரம் அடிப்பது உபகாரசாமி. ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை, மூட்டை புரட்டிய கை என்பதால் அடி பலமாகவே விழும். அக்கார்டியன் தோமினிக், செவ்வாய்ப்பேட்டையிலேயே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். கிட்டார் ரோசி. பாய்ஸ் என்று பேர் வைத்துக்கொண்டு ஒரு பெண் எப்படி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அவள் சத்தம் காதில் விழுந்திருந்தால் கேட்டிருப்பார்கள்.

விழவில்லை என்பதுதான் விஷயம். அவளுடையது வெறும் மரக் கிட்டார். டிரம்மும் அக்கார்டியனும் ஆரம்பித்துவிட்டால் அது கல்யாண வீட்டில் கொசு பாடுவதைப் போலத்தான். மைக் செட்டில் இருந்தது ஒரே மைக், அது சவரிராயன் வாய்க்கு. ஒருமுறை அதைக் கிட்டாருக்கு முன்னால் வைத்துப் பார்த்தார்கள். மைக் ஊளையிட்டதில் மணப்பெண்ணின் பாட்டி காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சிரித்து முடித்துவிட்டுச் சவரிராயன் விஷயத்துக்கு வந்தான். "பெங்களூர்ல இருந்து எங்க சித்தி மகன் பெலிக்ஸ் வாரான். சேலத்துலயே வேலை கெடைச்சிருக்குது. அவங்கிட்ட எலெக்ட்ரிக் கிட்டார் இருக்குது, ஜப்பான் சாமான். வர்ற சனிக்கிழமைக்கு மறு சனிக்கிழமை திருவிழா மேடை. ஒரு கோஷ்டிக்கு ரெண்டு கிட்டார் எதுக்கு?"

"அப்ப நான்?" என்றாள் ரோசி.

"நான் அநியாயம் பண்ணமாட்டேன். இந்த ஞாயித்துக்கிழமை, ரெண்டாம் பூசை முடிஞ்சு பத்து மணிக்குக் கோயில் மண்டபத்துல ரெண்டு பேரும் வாசிங்க. எது காதுல விழுதோ அது மேடை ஏறட்டும்."

நியாயமாகத்தான் பேசினான். யாருடைய கிட்டார் காதில் விழும் என்று முன்னமே தெரிந்தவர்கள் எப்போதும் நியாயமாகத்தான் பேசுவார்கள்.

"எங்கிட்டயும் எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தா?"

"இருந்தா கொண்டா" என்றான் சவரிராயன். மறுபடியும் சிரித்தார்கள். இந்தத் தடவை ரோசி சிரிக்கவில்லை.

ரோசிக்கு இருபத்திரண்டு வயது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளியில் சயின்ஸ் டீச்சர். காந்தத்தின் பக்கத்தில் இரும்பு அசைந்தால், காந்தத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் போர்டில் படம் போட்டுக் காட்டுகிறவள். கிட்டாரின் தந்தி இரும்பு. மீட்டினால் அசைகிறது. அடியில் ஒரு காந்தமும் அதைச் சுற்றி ஒரு கம்பிச் சுருளும், அதாவது காயிலும், இருந்தால் பெங்களூர் ஜப்பான் எல்லாம் எதற்கு? ஒன்பதாம் வகுப்புப் பாடம்தானே என்று அன்று படுக்கப்போகும் முன் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தலைமைச் சகோதரியிடம் கேட்டு ஆய்வகத்திலிருந்து ஒரு சட்டக் காந்தத்தை வாங்கினாள். சாயங்காலம் தோமினிக்கின் கடைக்குப் போய், எரிந்துபோன ரேடியோ டிரான்ஸ்பார்மர் ஒன்றைக் கேட்டாள். உள்ளே பத்திரமாக இருந்த மெல்லிய கம்பியை அவனே உருவி ஒரு நூல்கண்டு உருளையில் சுற்றிக் கொடுத்தான். தலைமயிரைவிட மெல்லிசு. கெட்டியான அட்டையில் இரண்டு தகடு வெட்டி, நடுவில் ஆறு இரும்புத் திருகாணிகளை நிறுத்தி, ஒரு சீப்பின் பாதி அளவுக்குக் கட்டை செய்துகொண்டாள். இனி அந்தக் கட்டையைச் சுற்றி ஐயாயிரம் சுற்று. கையால் சுற்றிப் பார்த்தாள். இருநூறு தாண்டுவதற்குள் நாலு தடவை அறுந்தது. ஐயாயிரம் சுற்ற அடுத்த திருவிழா வந்துவிடும்.

ஆனால் ரோசி குடியிருந்தது அம்மாப்பேட்டையில், நெசவாளர் வளவில். பத்து வீடு எதிரும் புதிருமாக இருந்த அந்த வளவில் ஒன்பது வீட்டில் தறி. எதிர்வீட்டுச் சாரதாமணி காலையிலிருந்து பொழுது சாயும்வரை ராட்டை முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள். அவள் புருஷன் கைலாசத்தின் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போகிற சின்னக் குச்சிகளில் நூலைச் சுற்றுவது, அதாவது தார் சுற்றுவது, அவள் வேலை. அவள் சுற்றிய தார் தறியில் அவிழும்போது ஒரு இடத்தில்கூடச் சிக்காது என்று கைலாசம் வெளியில் பெருமையாகச் சொல்வார். அவள் காதுபடச் சொல்லமாட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் ரோசி கம்பியோடு போய் நின்றாள். சாரதாமணி கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏனுங்க டீச்சர், இது நூலா, முடியா?"

"செம்புக் கம்பிங்க அக்கா. இந்தக் கட்டையில அஞ்சாயிரம் சுத்து சுத்தணும்."

சாரதாமணி அசரவில்லை. "ராட்டை ஒருக்கா சுத்துனா கதிரு நாப்பது சுத்து சுத்தும். நூத்தி இருபத்தஞ்சு தரம். அவ்வளவுதான? மத்தியானத்துக்குள்ள ஆயிரும் சாமி."

"ரொம்ப இழுத்துப் பிடிச்சா அறுந்துடுங்க."

சாரதாமணி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். "இழைய எப்படிப் புடிக்கறதுன்னு எனக்கேவா?" என்றாள். ரோசிக்கு வேறு எதையும் சொல்ல நா எழவில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு சாண் கம்பி வெளியே விடச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை தனி வகுப்புக்கு ஓடினாள்.

ஒரு மணிக்குத் திரும்பி வந்தபோது காயில் தயாராக இருந்தது. வரிசை வரிசையாக, ஒரு மேடு பள்ளம் இல்லாமல், பட்டுச் சேலை மடிப்பைப் போலப் படிந்திருந்தது. ரோசி அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீட்டில் அம்மா ஞானமேரி சோற்றைப் போட்டு வைத்துக் கூப்பிட்டது காதிலேயே ஏறவில்லை. கம்பியின் இரண்டு முனையையும் பிளேடால் சுரண்டி, ஒயரை வைத்து ஈயம் பற்றவைத்து, காந்தத்தை அடியில் கட்டி, கிட்டாரின் வட்டத் துளைக்குள் பொருத்திக்கொண்டு தோமினிக் கடைக்கு டவுன் பஸ் ஏறினாள்.

தோமினிக் ஒயரை ஒரு பெரிய ரேடியோவின் முதுகில், கிராமபோன் சொருகும் துளையில் சொருகினான். ரேடியோ சூடாகும்வரை காத்திருந்தார்கள். ரோசி ஆறு தந்தியையும் ஒருசேர மீட்டினாள்.

ஒன்றுமில்லை. ரேடியோவுக்குள் லேசான இரைச்சல் மட்டும் கேட்டது. தோமினிக் ஒயரை ஆட்டினான், தட்டினான், கடைசியில் மீட்டரை எடுத்துக் காயிலின் இரண்டு முனையிலும் வைத்தான். முள் அசையவே இல்லை.

"உள்ளுக்குள்ள எங்கியோ துண்டாகிக் கெடக்குது. கரண்டே ஓடல" என்றான். பிறகு, நல்லதுக்குச் சொல்கிறவர்களுக்கே உரிய அந்தக் குரலில், "விடு ரோசி. பெலிக்ஸ் வாசிக்கட்டும். நீ பின்னால நின்னு கோரஸ் பாடு. சேலை கட்டிக்கிட்டு வந்தா மேடைக்கும் லட்சணமா இருக்கும்" என்றான்.

லட்சணமாக இருப்பதற்கா அவள் இரண்டு வருஷமாக விரல் நுனி காய்த்துப்போக வாசித்தாள்? ரோசிக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை. கிட்டாரை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள்.

சாரதாமணி தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ரோசி மெல்லக் கேட்டாள்: "அக்கா, சுத்தறப்போ எங்கியாவது அறுந்துதுங்களா?"

"அறுந்துது. மூணு எடத்துல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? இழை அறுந்தா முடிஞ்சு போடறதுதான? முடிச்சேன்." சாரதாமணியின் முகத்தில் பெருமை வழிந்தது. "எங்க முடிச்சிருக்குதுன்னு தடவிப் பாத்துச் சொல்லு பாக்கலாம். அந்தக் கம்பெனிக்காரன் வந்தாலும் கண்டுபுடிக்க முடியாது."

ரோசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நூல் அறுந்தால் நெசவாளி முடிச்சுப் போடுவாள். அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போடுவாள். அதில் என்ன தப்பு? தப்பு, அது நூல் இல்லை என்பதில்தான் இருந்தது.

"அக்கா, இந்தக் கம்பிக்கு மேல கண்ணுக்குத் தெரியாம ஒரு பூச்சு இருக்குதுங்க. சட்டை போட்ட மாதிரி. ரெண்டு முனையையும் சுரண்டி, சட்டையைக் கழட்டி, செம்பும் செம்பும் தொடற மாதிரி ஈயம் வெக்கணும். சட்டையோட முடிஞ்சா கரண்டு தாண்டாதுங்க."

"அத நீ காலைல சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்" என்று ரோசி ஒப்புக்கொண்டாள். "அறுக்கவே மாட்டீங்கன்னு நெனச்சுட்டேன்."

அது இன்னும் மோசமாகப் போயிற்று. சாரதாமணியின் முகம் சுண்டிவிட்டது. "ஆமா, அறுத்துப்போட்டேன். எங் கை அவ்வளவுதான். வேற நல்ல கையாப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு ராட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தம் வளவு முழுக்கக் கேட்டது.

ரோசி விடவில்லை. இன்னொரு கட்டை வெட்டினாள். விளக்கு வைக்கும்வரை வாசலில் உட்கார்ந்து பழைய காயிலைப் பிரித்து முடிச்சைத் தேடினாள். நகத்தால் தடவினாள், கன்னத்தில் உரசிப் பார்த்தாள். ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. அவள் சாதித்ததெல்லாம் நாலாவதாக இன்னொரு இடத்தில் கம்பியை அறுத்ததுதான். "விட்டுத் தொலையேன்டி" என்றாள் ஞானமேரி. "மாட்டேம்மா" என்றாள் ரோசி.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போய்விட்டு ஆறரை மணிக்கு அவள் வளவுக்குள் நுழையும்போது, சாரதாமணி ராட்டையை வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"எடுத்துட்டு வா."

"அக்கா..."

"எங் கையில வந்த சரக்கு கெட்டுப்போய் வெளிய போகப்படாது. ராத்திரி பூரா தூக்கம் இல்ல எனக்கு. போ, எடுத்துட்டு வா. அந்த ஈயம் வெக்கற கோலையும் அடுப்புல போட்டுட்டு வா."

பழைய கட்டை ஒரு பக்கம், புதுக் கட்டை ராட்டையின் கதிரில். சாரதாமணி கண்ணை மூடிக்கொண்டு, கம்பியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓடவிட்டாள். ராட்டை சுற்றியது. வளவில் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்று பார்த்தார்கள். சட்டென்று ராட்டையை நிறுத்தி, "இதா இங்க" என்றாள். ரோசிக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. அக்கா நகத்தால் நெம்பியபோதுதான் முடிச்சு எழுந்தது. ஒளித்து வைத்தவளுக்குத்தான் எடுக்கவும் தெரிந்தது.

முடிச்சை வெட்டி, இரண்டு முனையையும் பிளேடால் சுரண்டினாள் ரோசி. செம்பு பளிச்சென்று தெரிந்தது. "அட, ஆமா. சட்டைதான் போட்டிருந்திருக்குது" என்றாள் சாரதாமணி, அத்தனை கோபத்திலும் சிரிப்பை அடக்க முடியாமல். அவள் முறுக்கிக் கொடுக்க, ரோசி அடுப்பிலிருந்து கோலை எடுத்து வந்து ஒரு பொட்டு ஈயம் வைத்தாள். மேலே ஒரு சொட்டு மெழுகு. கோல் ஆறிப்போனால் மறுபடி அடுப்பு, மறுபடி காத்திருப்பு. அன்று கைலாசத்தின் தறி தார் இல்லாமல் சும்மா நின்றது. அவர் உள்ளேயிருந்து இரண்டு தரம் கனைத்தார். "இன்னைக்குத் தறி ஓடாது. போய்க் காப்பி குடிச்சுட்டு வாங்க" என்று சாரதாமணி திரும்பாமலே பதில் சொன்னாள்.

நாலு இணைப்பும் முடிந்து, கடைசிச் சுற்றும் ஏறி, காயில் காந்தத்தோடு கிட்டாருக்குள் உட்காரும்போது மணி ஒன்பதரை. சோதித்துப் பார்க்க மீட்டர் இல்லை, தோமினிக் கடைக்குப் போக நேரமும் இல்லை. உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ரோசி கிளம்பினாள். சாரதாமணியும் கொண்டையை முடிந்துகொண்டு கூடவே நடந்தாள். "நான் பாக்கணும்" என்றாள்.

மண்டபத்தில் பெலிக்ஸ் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்தான். சிவப்புக் கிட்டார், கண்ணாடி போலப் பளபளத்தது. நன்றாகவே வாசித்தான், அதை இல்லை என்று சொன்னால் பாவம். முடித்ததும் சவரிராயன் கை தட்டினான். பிறகு ரோசியின் கிட்டாரைப் பார்த்தான். வட்டத் துளைக்குள் அட்டையும் மெழுகும் தெரிந்தன, வால் மாதிரி ஒரு ஒயர் தொங்கியது.

"இது என்ன, அறுவை சிகிச்சை பண்ணிட்டு வந்திருக்கியா?"

ரோசி தோமினிக்கிடம் ஒயரைக் கொடுத்தாள். அவன் தயங்கிக்கொண்டே மைக் செட்டின் ஆம்ப்ளிபயரில் சொருகினான். ஒலிபெருக்கியில் ஒரு முனகல் எழுந்தது. நேற்று ரேடியோவில் கேட்ட இரைச்சல் மாதிரி இல்லை, வேறு மாதிரி இருந்தது. பின் பெஞ்சில் சாரதாமணி முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரோசி சிலுவை போட்டுக்கொண்டு அடித் தந்தியை ஒரே ஒரு முறை மீட்டினாள்.

மண்டபத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஓட்டிலிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. "ஆத்தாடி!" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சரி சரி, பாட்டை வாசி" என்றான் சவரிராயன், மைக்கைப் பிடித்துக்கொண்டு.

உபகாரசாமி குச்சியால் நாலு தட்டு தட்டினான். ஆரம்பித்தார்கள். இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். சவரிராயன் ஒவ்வொரு அடியையும் அரைத் தட்டு தாமதமாகத்தான் எடுப்பான். இத்தனை நாளாக அது யாருக்கும் தெரியாது. ஏனென்றால் கேட்டது அவன் குரல் மட்டும்தான். மற்றவர்கள் அவனுக்காக நின்று நின்று போனார்கள். ரோசியும் அப்படித்தான் போவாள். இன்றைக்கும் அவன் தாமதித்தான். நிற்கலாமா என்று ஒரு கணம் அவள் விரல் யோசித்தது. நிற்கவில்லை. தாளம் எங்கே இருந்ததோ அங்கேயே போனாள்.

உபகாரசாமி தலையைத் தூக்கினான். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்குக் கிட்டார் கேட்டது. ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் கிட்டார். எதன் பின்னால் போவது? அவன் கை கிட்டாரின் பின்னால் போயிற்று. தோமினிக்கின் அக்கார்டியனும் கொஞ்சம் தடுமாறிவிட்டு அங்கேயே வந்து சேர்ந்தது. சவரிராயன் பஸ்ஸைத் தவறவிட்டவன் போல ஒரு வரி முழுக்க ஓடினான், இரண்டாவது வரியில் தொற்றிக்கொண்டான். அப்படிப் பிடித்த பிறகு அவனும் முன்னெப்போதையும்விட நன்றாகவே பாடினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாட்டு முடிந்தது. பெலிக்ஸ் தன் சிவப்புக் கிட்டாரைப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்து வந்து, குனிந்து அந்த அட்டையையும் மெழுகையும் பார்த்தான்.

"காயில் யார் சுத்தினது? பெங்களூர்லயே இவ்வளவு நேர்த்தியா நான் பாத்ததில்லையே."

ரோசி பின் பெஞ்சைக் காட்டினாள். சாரதாமணி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். முகம் மட்டும் பூரித்துக் கிடந்தது.

சவரிராயன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தான். தூக்கி நிறுத்திய முன் மயிர் வேர்வையில் படிந்துபோயிருந்தது. காதில் விழுகிறதுதான் மேடை ஏறும் என்று அவனே சொன்னதை அவனே எப்படி மாற்றுவது? அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குது. ஆனா மேடையில என் பாட்டும் கேக்கணுமில்ல? கிட்டார்ச் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்க ரோசி" என்றான்.

"குறைக்கறதுக்கு இதுல திருகு ஒண்ணும் வெக்கலைங்கண்ணா" என்றாள் ரோசி.

உபகாரசாமி வாய்விட்டுச் சிரித்தான். குச்சியை உயர்த்திக்கொண்டு, சவரிராயனைப் பார்க்காமல் அவள் பக்கம் திரும்பி, "அடுத்த பாட்டு எதும்மா?" என்று கேட்டான்.